‘நோ குரோத்’ ரிப்போர்ட் வாங்கிய ஏரி

அசித்ரோமைசின் தெரியாத வீடு இப்போ அநேகமா இல்லை. தொண்டை வலி, சளினு வர்றவங்கள்ல பல பேர் “சார், அந்த மூணு நாள் மாத்திரையை எழுதிக் குடுத்திருங்க”னு நேராவே கேட்டுடுவாங்க. பேரு வாயில நுழையாது. மூணு நாள் கணக்கு மட்டும் மறக்காது.

இந்த மாத்திரை உள்ள போய் எந்த இடத்துல உட்காருது, எதை அடைக்குதுனு அணு அணுவா படம் எடுத்துப் பார்த்திருக்காங்க. அந்தப் படத்துக்கு உடம்பைக் கொடுத்த நுண்ணுயிரி எங்கிருந்து வந்தது தெரியுமா? சாக்கடல்ல இருந்து. இஸ்ரேல், ஜோர்டான், பாலஸ்தீன மேற்குக் கரைக்கு நடுவுல இருக்கே, மனுஷங்க மல்லாந்து மிதந்துக்கிட்டே பேப்பர் படிக்கிற போட்டோ வருமே, அதேதான். பேருக்குத்தான் கடல். உண்மையில் அது வெளியேற வழியில்லாத ஓர் உப்பு ஏரி.

இன்னிக்கு அந்த ஏரியோட கதை. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

முதல்ல உப்பு எவ்வளவுனு புரிஞ்சுக்கணும். ஆஸ்பத்திரியில கையில ஏத்துற சலைன் பாட்டில்ல இருக்கிற உப்பு 0.9 சதவீதம். மெரினா கடல் தண்ணி ஏறக்குறைய 3.5 சதவீதம். சாக்கடல்ல சுமார் 34 சதவீதம். லிட்டருக்கு 340 கிராம். அதுலயும் பெரும்பங்கு நம்ம சமையல் உப்பு இல்லை, மக்னீசியம் குளோரைடு. அந்தத் தண்ணியில மூழ்கப் போய்ப் பிழைச்சு வர்றவங்களுக்கு ரத்தத்துல மக்னீசியமும் கால்சியமும் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கும். பிரசவ வார்டுல வலிப்பு வர்ற அம்மாக்களுக்கு மக்னீசியம் சல்பேட் போட்டுட்டு முழங்கால்ல தட்டித் தட்டிப் பார்ப்போம். மக்னீசியம் கூடிப்போனா முதல்ல அந்த உதறல் அடங்கும், அப்புறம் மூச்சு அடங்கும். அந்த மக்னீசியம்தான் இங்க ஏரி முழுக்க நிக்குது.

மாங்காயை உப்புல போட்டா தண்ணி விட்டுச் சுருங்குது பாருங்க, அதே கதிதான் சாதாரணக் கிருமிக்கும். செல்லுக்குள்ள இருக்கிற தண்ணியை வெளியில இருக்கிற உப்பு உறிஞ்சிடும். ஊறுகாயும் கருவாடும் கெடாம இருக்கிற ரகசியம் இதுதான். அப்போ 34 சதவீத உப்புத் தண்ணியில என்ன வாழும்? ஒண்ணும் வாழாதுனுதான் ரொம்ப காலம் நினைச்சாங்க. பேரே அப்படித்தானே வெச்சிருக்காங்க.

இந்த இடத்துல முதல்ல மைக்ரோஸ்கோப்போட வந்தவர் ஒரு டாக்டர்னு சொல்றதுல எனக்குக் கொஞ்சம் பெருமை. லூயி லார்ட்டே, பிரான்ஸ் நாட்டு லியோன் நகர மருத்துவக் கல்லூரிக்கு டீனா இருந்தவர். 1890களோட தொடக்கத்துல சாக்கடல் சேத்துல இருந்து கிருமி வளர்த்துப் பார்த்தார். கிடைச்சது என்னன்னா, டெட்டனஸ் கிருமியும், காயத்தை அழுகவைக்கிற கேஸ் கேங்ரீன் கிருமியும்.

ஆனா அந்தக் கிருமிங்க அங்க வாழலை. ஜோர்டான் ஆத்து வெள்ளத்துல அடிச்சு வந்து, ஸ்போர்னு சொல்ற கெட்டியான ஓட்டுக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு. லேப்ல சோறு போட்டதும் முழிச்சுக்கிச்சு. ஓர் இடத்துல கிருமி *இருக்குது*ங்கிறதும், அது அங்க *வாழுது*ங்கிறதும் வேற வேற. எங்க தொழில்ல தினமும் இந்தச் சிக்கல்தான். சிறுநீர் கல்ச்சர்ல கிருமி வந்தா அது நோயா, சும்மா ஒட்டிக்கிட்டு வந்ததா? சளியில பூஞ்சை தெரிஞ்சா அது நுரையீரல்ல இருந்தா, வாயில இருந்தா? (போற போக்குல ஒண்ணு. சேத்துல கால் கிழிச்சுக்கிட்டா அது சாக்கடல் சேறோ சாக்கடைச் சேறோ, டி.டி. ஊசி நிலவரத்தைப் பார்த்துக்கோங்க.)

உண்மையிலேயே அங்க *வாழுற* உயிர்களைக் காட்டினவர் ஓர் இளைஞர். பெஞ்சமின் எலாசாரி வோல்கனி. அப்போ அவர் குடும்பப் பேர் வில்கான்ஸ்கி. 1936-ல் ‘நேச்சர்’ இதழ்ல ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். தலைப்பு ‘சாக்கடலில் உயிர்’. அவ்வளவுதான். 1940-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்துல அதையே ஆய்வேடா விரிச்சு எழுதினார். பாக்டீரியா, பாசி, ஒற்றைச்செல் பிராணிகள்னு பட்டியல் போட்டார்.

அவர் செஞ்சது கேட்க ரொம்ப சுலபம். ஏரித் தண்ணியை எடுத்து, அதே உப்பு அளவுல உணவு கலந்து, மூடி வெச்சுட்டுக் காத்திருந்தார். எல்லாரும் சாதா உணவுத் தட்டுல போட்டுட்டு, மறுநாள் பார்த்துட்டு, ஒண்ணும் இல்லைனு எழுதிடலாம். இவர் கிருமிக்கு அதோட வீட்டுச் சாப்பாட்டையே போட்டார். அவசரப்படவும் இல்லை.

‘காத்திருந்தார்’னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரலை. ஏன்னா ‘நோ குரோத்’ங்கிற ரெண்டு வார்த்தையை நம்பி ஒரு மனுஷனோட தலையெழுத்தே மாறுறதை நான் பார்த்திருக்கேன்.

மேற்படிப்பு படிச்சிட்டிருந்த நேரம். ஐம்பது வயசு ஆட்டுக்காரர் ஒருத்தர் ரெண்டு மாசமா காய்ச்சல், முதுகுவலினு வந்து சேர்ந்தார். சாயங்காலம் ஆனா உடம்பெல்லாம் வேர்த்து நனையும். ஏற்கெனவே வேற இடத்துல காட்டி மூணு ரத்த கல்ச்சர் எடுத்திருந்தாங்க. மூணும் ‘நோ குரோத்’. முதுகெலும்பு ஸ்கேன்ல அரிச்ச மாதிரி ஒரு தடம். காசநோயாத்தான் இருக்கும்னு மாத்திரை தொடங்கறதா இருந்தது. அந்த அம்மா, அவர் மனைவி, என்கிட்ட கேட்டது இன்னும் காதுல இருக்கு: “தம்பி, கிருமி இல்லைனு மூணு சீட்டு எழுதியிருக்கே, அப்புறம் எதுக்கு ஆறு மாசம் மாத்திரை?” அதுக்கு எங்க யார்கிட்டயும் நல்ல பதில் இல்லை.

எங்க மைக்ரோபயாலஜி மேடம்தான் சீட்டை வாங்கிப் பார்த்தாங்க. ஒரே கேள்வி. “எத்தனை நாள் வெச்சுப் பார்த்தாங்க?” அடுத்த கேள்வியை நோயாளிகிட்ட போய்க் கேட்டாங்க. “ஐயா, என்ன தொழில் பண்றீங்க? ஆடு குட்டி போடுறப்போ கை குடுப்பீங்களா?” மறுபடி ரத்தம் எடுத்தோம். இப்போ இருக்கிற மாதிரி தானியங்கி மெஷின் அப்போ எங்களுக்குக் கிடையாது, கையால பார்க்கிற பாட்டில்தான். முதல் வாரம் ஒண்ணுமில்லை. பாட்டிலைத் தூக்கிப் போடக் கூடாதுனு மேடம் அதுமேல சிவப்பு மையில எழுதி ஒட்டியிருந்தாங்க. ரெண்டாவது வாரக் கடைசியில புருசெல்லா வளர்ந்துச்சு. ஆட்டுல இருந்தும் காய்ச்சாத பால்ல இருந்தும் வர்ற கிருமி. மெதுவா வளர்ற கிருமி. அதுக்குரிய மருந்து வேற, அளவு வேற. மனுஷர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்.

அப்போ மேடம் எங்களுக்குச் சொன்னது: ‘நோ குரோத்’னா நாம போட்ட சாப்பாட்டுல, நாம வெச்ச சூட்டுல, நாம பார்த்த நாளுக்குள்ள வளரலைனு அர்த்தம். கிருமி இல்லைனு அர்த்தம் இல்லை. ஏரிக்கும் அதே நியாயம்தான்.

சரி, ஏரிக்கு வருவோம். வளர்ந்துடுச்சு. இது *புது* இனம்னு எப்படிச் சொல்றது?

கொரோனா காலத்துல எல்லாரும் ‘புது வகை’ங்கிற வார்த்தைக்குப் பழகிட்டோம். பாக்டீரியா உலகத்துல புது இனம்னு பதிவு பண்றது அதைவிடப் பெரிய தலைவலி. முதல்ல நம்ம வழக்கமான ஆயுதங்களே வேலை செய்யாது. மருத்துவ மாணவன் முதல்ல கத்துக்கிற கிராம் சாயத்தை எடுத்துக்கோங்க. கண்ணாடித் தகட்டுல கிருமியைத் தடவி, சாயம் ஊத்தி, தண்ணியில கழுவுவோம். இந்த உப்பு விரும்பிகள்ல பலதும் சாதா தண்ணி பட்டதுமே வெடிச்சுப் போயிடும்! தகட்டுல பார்க்க ஒண்ணும் மிச்சமிருக்காது. அதனால முதல்ல அசிட்டிக் அமிலம் விட்டு உறையவெச்சுட்டு அப்புறம் சாயம் போடணும்.

ஏன் வெடிக்குது? இதுங்க உயிர் வாழுற உத்தி அப்படி. வெளியில உப்பு இழுக்குதா, உள்ளயும் உப்பை நிரப்பிட்டா இழுவை சமமாயிடும் இல்லையா? அதனால செல்லுக்குள்ள பொட்டாசியத்தை அடைச்சு வெச்சிருக்கும். நம்ம செல்லுக்குள்ள இருக்கிறதைப்போல இருபத்தஞ்சு மடங்குக்கு மேல. ரத்தத்துல பொட்டாசியம் 6.5-னு ரிப்போர்ட் வந்தா நாங்க ஈசிஜி மெஷினைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம். இதுங்க அதுலயே குடித்தனம் நடத்துது. அந்த உப்புக்குப் பழகின புரதங்கள் உப்பு குறைஞ்சா குலைஞ்சு போயிடும். நம்மைக் கொல்ற உப்பு இல்லாட்டி இதுங்க செத்துடும்.

அடுத்து, பென்சிலின் போட்டா அசையாது. பென்சிலின் அடிக்கிற செல் சுவர்ப் பொருளே இதுங்ககிட்ட கிடையாது. கொழுப்புச் சவ்வோட வேதியியலும் வேற. காரணம் பின்னாடிதான் தெரிஞ்சது. 1977-ல் கார்ல் வூஸ், ஆர்.என்.ஏ. எழுத்துகளை ஒப்பிட்டு, பாக்டீரியா மாதிரியே தெரியுற ஒரு கூட்டம் பாக்டீரியாவே இல்லை, தனிக் குலம்னு காட்டினார். ஆர்க்கியா. சாக்கடலோட சிவப்பு உயிரிகள் அந்தக் குலம். பேச்சுவாக்குல நாமளும் பாக்டீரியானே சொல்லிடுவோம், பரவாயில்லை. ஒரு தகவல்: இதுவரை எந்த ஆர்க்கியாவும் மனுஷனுக்கு நோய் உண்டாக்குறதா உறுதியா நிரூபணம் ஆகலை. நம்ம குடல்லயே சில வகை சும்மா குடியிருக்கு.

இப்படி நிறம், வடிவம், எவ்வளவு உப்புல வளருது, எதுக்குக் கீழ சாகுது, எந்தச் சர்க்கரையைத் தின்னுது, எந்த மருந்துக்கு அடங்குதுனு ஜாதகம் எழுதணும். அப்புறம் 16 எஸ் ஆர்.என்.ஏ. மரபணுவைப் படிச்சு ஏற்கெனவே தெரிஞ்ச இனங்களோட ஒப்பிடணும். ஏறக்குறைய 98.7 சதவீதத்துக்குக் கீழ ஒத்துப்போனா புது இனமா இருக்கலாம்னு ஒரு கணக்கு. இப்போ முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிடறாங்க. அதுல 95–96 சதவீதம் எல்லைக்கோடு. கடைசியா ரொம்ப முக்கியமான நிபந்தனை: உயிரோட இருக்கிற மாதிரியை ரெண்டு வெவ்வேறு நாட்டுக் கிருமி வங்கியில டெபாசிட் பண்ணணும். நாளைக்கு யார் வேணும்னாலும் வாங்கி வளர்த்துச் சரிபார்க்கணும் இல்லையா. வெறும் பேப்பர் செல்லாது.

வோல்கனியோட கிருமி மாட்டிக்கிட்டது இந்த இடத்துலதான். அவர் விவரிச்ச அந்த மூல மாதிரி காலப்போக்குல தொலைஞ்சு போச்சு. 1980-ல் உலகம் முழுக்க பாக்டீரியா பேர்களைச் சுத்தம் பண்ணி ஓர் அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் போட்டாங்க. ஆதாரம் போதாத ஆயிரக்கணக்கான பழைய பேர்கள் அதோட செல்லாமப் போச்சு. இவர் வெச்ச ‘மாரிஸ்மார்ட்டுயி’ங்கிற பேரும் அதுல அடிபட்டுப் போச்சு. லத்தீன்ல ‘சாக்கடலுடைய’னு அர்த்தம்.

ஆனா அதே ஏரியில இருந்து கின்ஸ்பர்க் தம்பதி வளர்த்த ஒரு கிருமி 1970-லயே ஆய்வுல இருந்தது. அது வோல்கனி எழுதின அடையாளங்களோட பொருந்துச்சு. ஆரோன் ஓரென், கின்ஸ்பர்க் தம்பதி எல்லாரும் சேர்ந்து 1990-ல் பழைய பேருக்கு மறுபடி உயிர் கொடுத்தாங்க: ஹாலோஆர்க்குலா மாரிஸ்மார்ட்டுயி. ‘ஆர்க்குலா’னா சின்னப் பெட்டி. தட்டையா, பெட்டி மாதிரி செல். நம்ம பாஷையில ‘சாக்கடல் உப்புப்பெட்டி’னு சொல்லிக்கலாம், எனக்கு அந்தப் பேர்தான் பிடிச்சிருக்கு. அந்தக் கட்டுரையை எழுதினவங்க பட்டியல்ல வோல்கனியும் இருக்கார். ஆய்வேடு கொடுத்து ஐம்பது வருஷம் கழிச்சு.

இந்த உப்புப்பெட்டி இன்னொரு குறும்பும் பண்ணுச்சு. இனம் பிரிக்க உதவுற அந்த 16 எஸ் மரபணு இதுகிட்ட ஒண்ணுக்கு மேல இருக்கு. ஒரே செல்லுக்குள்ள இருக்கிற அந்த ரெண்டு பிரதியும் ஒண்ணுக்கொண்ணு கிட்டத்தட்ட 5 சதவீதம் வேறுபடுதுனு 1992-ல் கண்டுபிடிச்சாங்க. மேல சொன்ன கணக்கை வெச்சுப் பார்த்தா ஒரே கிருமி ரெண்டு இனம்! ரேஷன் கார்டுல ஒரே ஆளுக்கு ரெண்டு பேர் இருக்கிற மாதிரி. ஒரே ஒரு டெஸ்ட்டை மட்டும் நம்பி முடிவு எழுதக் கூடாதுங்கிறதுக்கு நான் மாணவர்களுக்குச் சொல்ற உதாரணம் இது.

இப்போ மாத்திரைக்கு வர்றேன்.

ரைபோசோம்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. செல்லோட புரத ஃபேக்டரி. அதோட உருவத்தைப் பார்க்கணும்னா உப்புக்கல் மாதிரி படிகமா மாத்தி எக்ஸ்ரே கதிர் விட்டுப் பார்க்கணும். லட்சக்கணக்கான அணுக்கள் இருக்கிற அந்தப் பூதத்தைப் படிகமாக்கவே முடியாதுனு பல பேர் நினைச்ச காலத்துல, அடா யோனத் கடுமையான சூழல்ல வாழுற உயிரிகளோட ரைபோசோம்களைத் தேர்ந்தெடுத்தார். கெட்டியா நிக்கும், சீக்கிரம் குலையாதுனு ஒரு கணக்கு. அப்படித்தான் சாக்கடல் உப்புப்பெட்டி உள்ள வந்தது. 2000-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துல தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குழு அதோட பெரிய பாதியை 2.4 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்துல படம் எடுத்துக் காட்டினாங்க. 2009 வேதியியல் நோபல் யோனத், ஸ்டைட்ஸ், அப்புறம் நம்ம சிதம்பரத்துல பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் மூணு பேருக்கும் கிடைச்சது. ராமகிருஷ்ணன் வேலை செஞ்சது ரைபோசோமோட சின்ன பாதியில, அதுக்கு எடுத்தது வெந்நீர் ஊற்றுக் கிருமி.

2002-ல் யேல் குழு இந்த உப்புப்பெட்டி ரைபோசோமுக்குள்ள அசித்ரோமைசினை உட்காரவெச்சுப் படம் எடுத்தாங்க. புதுசா நெய்யுற புரதம் வெளிய வர்றதுக்கு ஒரு சுரங்கப்பாதை உண்டு. மாத்திரை அந்தச் சுரங்க வாசல்ல போய் குறுக்கே படுத்துக்குது. நூல் வெளிய வர முடியலை, தறி நின்னுடுது.

ஆனா உட்காரவைக்க மருந்தை ஏகத்துக்கும் அள்ளிப் போட வேண்டியிருந்தது. காரணம் ஒரே ஓர் எழுத்து. பாக்டீரியா ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுல 2058-வது எழுத்து ‘ஏ’. அதே இடத்துல சாக்கடல் உயிரிக்கு ‘ஜி’. நமக்கும் ‘ஜி’! நம்ம ரைபோசோமை இந்த மாத்திரை லேசுல தொடாம விடறதுக்கு அது ஒரு முக்கியக் காரணம். 2005-ல் அந்த ஓர் எழுத்தை மட்டும் ‘ஏ’னு மாத்திப் பார்த்தாங்க. மருந்து நல்லா ஒட்டிக்கிச்சு.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. கிருமி தன்னோட ‘ஏ’வை ‘ஜி’யா மாத்திக்கிட்டாலோ, இல்லை அந்த ‘ஏ’ மேல ஒரு சின்ன மெத்தில் தொப்பியை மாட்டிக்கிட்டாலோ, நம்ம மாத்திரை வாசலுக்கு வெளியவே நின்னுடும். கிருமிங்க ரெண்டையும் கத்துக்கிச்சு. வைரஸ் சளிக்கெல்லாம் இந்த மாத்திரையைத் தின்னா வைரஸுக்கு ஒண்ணும் ஆகாது, ஏன்னா அதுகிட்ட ரைபோசோமே கிடையாது. உங்க தொண்டையிலயும் குடல்லயும் இருக்கிற பாக்டீரியாக்களுக்குத்தான் பாடம் நடக்குது. “எழுதிக் குடுங்க சார்”னு கேட்கிறவங்ககிட்ட நான் தர்க்கம் பண்றதில்லை. தொண்டையைப் பார்ப்பேன், தேவை இல்லைனா இல்லைனு சொல்வேன். சிலர் கோவிச்சுக்கிட்டு நேரா மருந்துக்கடைக்குப் போயிடறாங்கனும் தெரியும்.

அந்த ஏரி இப்போ எப்படி இருக்கு? வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கிக்கிட்டு இருக்கு. ஜோர்டான் ஆத்துத் தண்ணியை மேலயே எடுத்துக்கிறாங்க, கீழ ரெண்டு கரையிலும் உப்புத் தொழிற்சாலைகள் தண்ணியைக் காயவைக்குது. கரை இப்போ கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழ. சோடியம் உப்பு படிஞ்சு போய் மக்னீசியத்தோட பங்கு கூடக் கூட, உப்பு விரும்பிகளுக்கே அது தாங்கலை. 1991–92 குளிர்காலத்துல பெருமழை பெய்து மேல்தண்ணி கொஞ்சம் நீர்த்தப்போ, முதல்ல டுனலியெல்லா பாசி பெருகி, அதைத் தின்னு சிவப்பு ஆர்க்கியா பெருகி, ஒரு மில்லி லிட்டருக்கு மூணு கோடிக்கு மேல போய், ஏரியே செவந்து நின்னுச்சு. தூத்துக்குடிப் பக்கம் உப்பளப் பாத்தி இளஞ்சிவப்பா மாறுறதைப் பார்த்தவங்களுக்கு அந்த நிறம் தெரியும். அப்படி ஒரு மழை இல்லாத வருஷங்கள்ல அங்க உயிர் ரொம்பச் சொற்பம்.

கடைசியா ஒண்ணு. வோல்கனியோட அந்த ஒரு மாதிரி தொலைஞ்சு போச்சுனு சொன்னேன் இல்லையா? ஆனா 1936-ல் ஏரித் தண்ணியை ஊத்தி, உணவு கலந்து, மூடி வெச்ச பாட்டில்கள் சிலதை அவர் தூக்கிப் போடவே இல்லை. அவர் பிற்பாடு அமெரிக்காவுல கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்துக்குப் போய் டயாட்டம் பாசிகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார். ஐம்பத்தேழு வருஷம் கழிச்சு, ஸ்பெயின் நாட்டு செவில் பல்கலைக்கழகத்து அந்தோனியோ வெந்தோசா குழு அந்தப் பழைய பாட்டில்களைத் திறந்து உணவுத் தட்டுல போட்டுப் பார்த்தாங்க.

வளர்ந்துச்சு. ஆர்க்கியாவும் வந்துச்சு, பாக்டீரியாவும் வந்துச்சு. அதுல 91 மாதிரிகள் ஒரே சாயல்ல இருந்துச்சு. ஸ்போர் போடுற, மிதமான உப்பை விரும்புற, அதுவரைக்கும் யாரும் பேர் வைக்காத ஓர் அசல் பாக்டீரியா. 1999-ல் அதைப் புது இனமா பதிவு பண்ணினாங்க: பேசில்லஸ் மாரிஸ்மார்ட்டுயி. அதே வருஷம்தான் வோல்கனி காலமானார்.

வகைப்பாட்டுக்காரங்க சும்மா இருக்க மாட்டாங்களே. அந்தக் கிருமியோட பேரின் முன்பாதியை அதுக்கப்புறம் ரெண்டு தடவை மாத்திட்டாங்க. இப்போ விர்ஜிபேசில்லஸ். பின்பாதி மட்டும் அப்படியே இருக்கு, மாரிஸ்மார்ட்டுயி.